காஞ்சியில் ஒரு கப்பல்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர் ஒருவர்)

கடல் இல்லாத காஞ்சிபுரத்தில் கப்பல் கட்டுவதா என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும்! நம் ஊரில் ஓடங்களுக்குப் பஞ்சமே இல்லை. தறியில் ஊடை இழையைச் சுமந்து இடமும் வலமும் ஓடும் நாடாவுக்குத் தமிழில் ‘ஓடம்’ என்றும் ஒரு பெயர் உண்டு. இரு முனையும் கூராகி, நடுவே குடைந்து, கெட்டி மரத்தில் இழைத்த அந்த நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்க்கு அப்பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். கோர்வைச் சேலை நெய்யும் தறியில் இப்படி மூன்று ஓடங்கள் ஓடுகின்றன. ஆகவே, மரத்தைக் குடைந்து ஓடம் செய்யும் கலை நமக்கு அந்நியமானதன்று.

மரத்தால் மாதிரிக் கப்பல் அமைப்பது உலகெங்கும் பலர் விரும்பும் பொழுதுபோக்கு. தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் இது பயிற்சியின் ஓர் அங்கமே ஆகும். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மூன்று பாய்மரங்களும் நூற்றுக்கணக்கான கயிறுகளும் கொண்ட பழைய போர்க்கப்பலைத்தான் முதலில் எடுத்துக் கொள்கிறார்கள். பாதி வேலையில் அது பரணுக்குப் போய்விடுகிறது. முதல் முயற்சிக்கு ஏற்றது இழுவைக் கப்பல் என்பதே என் கருத்து. குட்டையான, அகன்ற உடல். சில பொருள்களே கொண்ட மேல்தளம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் கை தானே வழி கண்டுகொள்ளும்.

இழுவைக் கப்பல் என்பது சரக்கு ஏற்றாது, பயணிகளையும் ஏற்றாது. பிற கப்பல்களை இழுப்பதும் தள்ளுவதுமே அதன் தொழில். 1803 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கால்வாய் ஒன்றில், வில்லியம் சைமிங்டன் அமைத்த ‘சார்லட் டண்டாஸ்’ என்னும் நீராவிப் படகு, எதிர்க்காற்றையும் பொருட்படுத்தாமல் தலா 70 டன் எடையுள்ள இரண்டு படகுகளை இழுத்துச் சென்றது. அன்று முதல் இத்தொழில் வளர்ந்தது. இன்று சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையும் பெரிய கப்பல், தன் சொந்தச் சுக்கானை மட்டும் நம்பி அக்குறுகிய இடத்தில் திரும்பிவிட முடியாது. முன்னும் பின்னும் இழுவைக் கப்பல்கள் நின்று திருப்பிக் கொடுக்க வேண்டும். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் ‘பிரதிபா காவேரி’ என்னும் எண்ணெய்க் கப்பல் சென்னைக் கரையில் தரைதட்டியதும், உயிர்காக்கும் படகு கவிழ்ந்து மாலுமிகள் மாண்டதும் பலருக்கு நினைவிருக்கும். அக்கப்பலை அடுத்த மாதம் கரையிலிருந்து மீட்டதும் இழுவைக் கப்பலே. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்ற 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ விடுபட்டதும், மணலை அள்ளியெடுத்த பின் இத்தகைய சிறு கப்பல்கள் பல சேர்ந்து இழுத்ததனால்தான்.

இனி, உருவத்தின் காரணத்தைப் பார்ப்போம். முன்பக்கம் உயர்ந்திருக்கும், அலையை வெட்ட வேண்டும் அல்லவா? பின்பக்கம் தாழ்ந்து திறந்தவெளியாக இருக்கும்; கயிறு தடையின்றி இருபுறமும் வீச வேண்டும். சுற்றிலும் ரப்பர் மெத்தை. பெரிய கப்பலின் மேல் மோதி நின்று தள்ளுவதற்காக. இவை கண்ணுக்குத் தெரிபவை. கவனிக்காமல் விடப்படுவது இழுவைக் கொக்கியின் இடம். வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டுவது போலக் கப்பலின் பின்விளிம்பில்தான் கொக்கி இருக்கும் என்று நாம் எண்ணுவோம். பழைய முறை இழுவைக் கப்பலில் அது ஏறக்குறைய நடுவில், நடுவிலிருந்து சற்றே பின்தள்ளி இருக்கும். பின்விளிம்பில் கட்டினால் கயிறு அந்த முனையைப் பிடித்துக்கொள்ளும். சுக்கானைத் திருப்பினாலும் கப்பல் திரும்பாது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. இழுக்கப்படும் பெரிய கப்பல் எதிர்பாராமல் வேகம் கொண்டாலோ திரும்பினாலோ, கயிறு இழுவைக் கப்பலின் பக்கவாட்டில் இறுகும். கொக்கி நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் அந்த இழுப்பு கப்பலைச் சாய்க்கும் திருப்புத்திறன் ஆகிறது. சில நொடிகளில் கவிழ்ந்துவிடும். 2023 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிரீனாக் துறைமுகத்தருகே ‘பைட்டர்’ என்னும் இழுவைக் கப்பல் பயணிகள் கப்பலொன்றுக்கு உதவும்போது இவ்வாறே கவிழ்ந்து இருவர் மாண்டனர். இரண்டு நூற்றாண்டு அனுபவத்துக்குப் பிறகும் இந்த ஆபத்து ஒழியவில்லை. கொக்கியைத் தாழ்வாக வைப்பதும், கயிற்றை ஒரே தட்டில் விடுவிக்கும் பொறியை அதில் பொருத்துவதும் இதற்காகவே. கொக்கியைத் தவறான இடத்தில் ஒட்டிய மாதிரி, எவ்வளவு பளபளப்பாக வண்ணம் பூசியிருந்தாலும், இழுவைக் கப்பலின் மாதிரி ஆகாது.

மாதிரிக்கு 100 இல் 1 என்னும் அளவை எடுத்துக் கொள்ளுமாறு சொல்வேன். கணக்கு எளிது. 30 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கப்பல், நீரில் 4 மீட்டர் அமிழ்வதாகக் கொள்வோம். மாதிரியில் அவை 30, 10, 4 சென்டிமீட்டர். இம்மூன்றையும் பெருக்கினால் 1200 கன சென்டிமீட்டர். முனைகள் ஒடுங்குவதால் அதில் பத்தில் ஆறு பங்கு, அதாவது 720 என்று கொள்ளலாம். ஆக மாதிரியின் மொத்த எடை 720 கிராம் இருந்தால்தான் அது சரியான கோட்டில் மிதக்கும். உண்மைக் கப்பலின் எடையோ ஏறத்தாழ 720 டன். நீளம் நூறில் ஒன்றாகும்போது எடை பத்து லட்சத்தில் ஒன்றாகிறது. டன் கிராமாகி விடுகிறது! (கடல்நீரின் அடர்த்தி சற்றே கூடுதல் என்பதை இங்கே ஒதுக்கிவிடலாம்.)

வெளிநாட்டுப் பெட்டித் தொகுதிகளை விலை கொடுத்து வாங்க நம்மில் எத்தனை பேரால் இயலும்? பைன் மரப் பெட்டிப் பலகை போதும். தச்சுப் பட்டறையில் கொடுத்து ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு இழைத்துக்கொண்டால் ஏழு அடுக்குகள் தேவைப்படும். ஒவ்வோர் அடுக்குக்கும் கட்டத்தாளில் பாதி உருவை மட்டும் வரைந்து, தாளை நீளவாட்டில் மடித்து வெட்ட வேண்டும். இருபுறமும் ஒத்து வரும். கீழ் அடுக்கு ஒடுக்கம், மேலே போகப் போக அகலம். மரத்தின் ரேகை நீளவாட்டிலேயே ஓடட்டும். கணு உள்ள பலகை வேண்டாம். ஒட்டுவதற்கு முன்பே, அடிப்பலகையைத் தவிர மற்ற அடுக்குகளின் நடுவை வெட்டி எடுத்துவிட வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை நீரில் இளகும். நீர் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குக. அடுக்குகளை ஒட்டிச் செங்கல் ஏற்றி ஓர் இரவு விட்டால் உடல் தயார். பின்னர் உளி, அரம், உப்புத்தாள் என்ற வரிசையில் படிக்கட்டு போன்ற ஓரங்களைக் கரைக்க வேண்டும். இங்கே பொறுமைதான் முதல் கருவி. ஒட்டின் கோடுகள் இருபுறமும் ஒரே வளைவில் ஓடுகின்றனவா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும். நான்காவது ஒட்டே நீர்மட்டக் கோடு. தனியே அளக்க வேண்டியதில்லை.

உள்ளே குடைவது எடையைக் குறைக்க மட்டும் அன்று. பெட்டி வடிவம் என்று வைத்துக்கொண்டால், மிதப்பு மையம் அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல், அகலத்தின் வர்க்கத்தை அமிழ்வின் 12 மடங்கால் வகுத்தால் வரும் தூரத்தில், பாடத்தில் நாம் படிக்கும் மெட்டாசென்டர் உள்ளது. 100 ஐ 48 ஆல் வகுக்க 2.08. ஆக மொத்தம் அடியிலிருந்து 4.08 செ.மீ. மாதிரியின் ஈர்ப்பு மையம் இந்த உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் கவிழும். குடையாத கட்டை மரத்தில் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய இந்த எல்லையிலேயே நிற்கும். மாலுமி அறையையும் புகைபோக்கியையும் ஏற்றினால் தாண்டிவிடும். எனவே உடலைக் குடைந்து, மீதி எடைக்குப் பழைய நட்டு, போல்ட்டுகளை அடித்தளத்தில் பரப்பி ஒட்ட வேண்டும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வாய்பாடு கையில் உயிர் பெறுவதைக் காண்பது தனி இன்பம்.

மேல்தளப் பொருள்களுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. திருமண அழைப்பிதழ் அட்டையில் மாலுமி அறை; மூங்கில் குச்சியில் கொடிமரம்; சைக்கிள் வால்வு டியூப்பில் ரப்பர் மெத்தை. இழுவைக் கயிற்றுக்குத் தறியில் மீந்த பட்டு இழைகளை முறுக்கிக் கொள்ளலாம்; காஞ்சியில் கட்டும் கப்பலுக்கு அது பொருத்தமும்கூட. மோட்டார் பொருத்த விரும்புவோர், காலியான பால்பாயிண்ட் ரீஃபிலை விசிறித் தண்டுக்கு உறையாக்கி உள்ளே கிரீஸ் அடைத்தால் நீர் புகாது. மேற்பூச்சாக உள்ளும் புறமும் இரண்டு முறை வார்னிஷ் அவசியம்.

ஓட்டிப் பார்க்கக் கோயில் குளம் வேண்டாம். வீட்டு நீர்த்தொட்டியே போதும். முதலில் கயிற்றைக் கொக்கியில் கட்டிப் பக்கவாட்டில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பின்பு அதே கயிற்றை மாலுமி அறையின் உச்சியில் கட்டி அதே விசையால் இழுத்துப் பாருங்கள். சாய்வின் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அடுத்தது இழுவைத் திறன். உண்மைக் கப்பலைக் கரையிலுள்ள தூணில் கட்டி, முழு வேகத்தில் ஓட விட்டு, கயிற்றின் இழுவிசையை அளக்கிறார்கள். இன்றைய துறைமுக இழுவைக் கப்பல்கள் பல 50, 60 டன் இழுக்கின்றன. நம் மாதிரிக்கு ஆய்வகக் கப்பியும் எடைத்தட்டும் போதும். கொக்கியிலிருந்து வரும் நூலைத் தொட்டி விளிம்பிலுள்ள கப்பியின் மேலிட்டு, மோட்டாரை ஓட்டிக்கொண்டே தட்டில் எடைகளை வைத்து வர வேண்டும். தட்டும் எடையும் சேர்ந்து 50 கிராம் ஆகும்போது கப்பல் முன்னும் பின்னும் நகராமல் நின்றால், நம் கணக்கின்படி அது 50 டன் இழுக்கும் கப்பல்.