எடை ஏறியது, ஈரல் தேறியது!
கொழுப்பு செய்யும் விந்தை

சோதனைக் கூடத்தில் இரண்டு வகை எலிகள். இரண்டுக்குமே பிறவியிலிருந்து அடங்காப் பசி. தின்று தின்று கொழுத்தன.

முதல் வகைக்குச் சர்க்கரை வியாதி வந்தது. ஈரலிலும் கொழுப்பு சேர்ந்தது. இரண்டாவது வகை அவற்றைவிடவும் பருத்தது. ஆனால் சர்க்கரை ஏறவில்லை. ஈரலில் கொழுப்பும் குறைவு!

2007-ல் விஞ்ஞானி பிலிப் ஷெரரும் அவர் குழுவினரும் இந்த அதிசயத்தை வெளியிட்டார்கள். காரணம் என்ன? இரண்டாவது வகை எலிகளின் உடலில் 'அடிபொனெக்டின்' என்ற சுரப்பு அதிகமாக இருக்கும்படி செய்திருந்தார்கள்.

மூட்டை அல்ல, சுரப்பி!

உடலில் உள்ள கொழுப்பு வெறும் மூட்டை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது ஒரு சுரப்பியும்கூட. பசியை அடக்கும் 'லெப்டின்' கொழுப்பில் சுரப்பது 1994-ல் தெரிந்தது. மறு ஆண்டே அடிபொனெக்டினை ஷெரர் கண்டுபிடித்தார். 'கொழுப்பை எரி, சர்க்கரையை அதிகம் கொட்டாதே' என்று ஈரலுக்குச் சொல்லி அனுப்பும் தூதன் அது.

வேடிக்கையைப் பாருங்கள். கொழுப்பில்தான் அது சுரக்கிறது. ஆனால் உடல் பருக்கப் பருக்க அதன் அளவு குறைந்துவிடுகிறது!

குதிர் நிறைந்துவிட்டால் நெல்லை எங்கே கொட்டுவது? கூடத்திலும் தாழ்வாரத்திலும் கொட்ட வேண்டியதுதான். கொழுப்பு அணுக்கள் நிறைந்து வீங்கினால், மிஞ்சிய கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்கிறது. பெரும்பாலும் வலி இராது. பல ஆண்டுகளில் சிலருக்கு ஈரலில் தழும்பு விழுந்து அது சுருங்கியும் போகலாம்.

பூட்டும் சாவியும்

கொழுப்பு அணுவின் கருவுக்குள் பூட்டுப் போன்ற ஒரு புரதம் இருக்கிறது. பெயர் 'பி.பி.ஏ.ஆர். காமா'. பொருத்தமான சாவி வந்து விழுந்தால் பூட்டு திறக்கும். புதிய சிறு அணுக்கள் உண்டாகும். அதாவது, புதுக் குதிர்கள்! அடிபொனெக்டினும் கூடுதலாகச் சுரக்கும்.

சர்க்கரை வியாதிக்குத் தரப்படும் 'பயோகிளிட்டசோன்' மாத்திரை அப்படிப்பட்ட ஒரு சாவி. அமெரிக்காவில் சர்க்கரை வியாதி இல்லாத 247 ஈரல் நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த மாத்திரையும், இன்னொரு பிரிவுக்கு வைட்டமின் ஈ-யும், மூன்றாம் பிரிவுக்கு மருந்தில்லா மாத்திரையும் 96 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2010-ல் வெளிவந்தது. பயோகிளிட்டசோன் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் கொழுப்பு குறைந்தது. உடல் எடையோ கூடியது!

'அப்படியானால் நாமும் வாங்கி விழுங்கலாமே' என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. சாவி திறப்பது ஒரே கதவை அல்ல. இதே இனத்தைச் சேர்ந்த முதல் மாத்திரை 'டிரோகிளிட்டசோன்'. அது சிலருடைய ஈரலையே கெடுத்துவிட்டதால், 2000-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பயோகிளிட்டசோனால் உடலில் நீர் கோக்கலாம். பலவீனமான இதயத்துக்கு அது ஆபத்து. பெண்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பும் கூடுகிறது. மூத்திரப்பைப் புற்றுநோய் பற்றிய சந்தேகமும் எழுந்தது. 2013 ஜூனில் இந்திய அரசு அதன் விற்பனையை நிறுத்தியது. அடுத்த மாதக் கடைசியில் தடையை நீக்கி, எச்சரிக்கை வாசகத்தோடு விற்க அனுமதித்தது. இதயக் கோளாறு உண்டா, மூத்திரத்தில் இரத்தம் போனதுண்டா என்றெல்லாம் டாக்டர் கேட்டுவிட்டு மருந்துச் சீட்டு எழுதுவது இதனால்தான்.