கேள்வி கேட்கும் இளம் டாக்டர்

மும்பையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் காலை நேரத்தில் கேஸ் பேப்பர் எடுக்கும் கியூவில் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் அவர்கள். உள்ளே போனால், வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் இளைஞர், "கித்னே தின் ஸே காஸி ஹை?" என்று விசாரிக்கத் தொடங்குகிறார். 'பெரிய டாக்டரைப் பார்க்க வந்தால், படிக்கிற பையன் கேள்வி கேட்கிறானே!' என்று பலருக்கு எரிச்சல். பதில் அரைகுறையாக வருகிறது. அங்கேதான் ஆபத்து.

நாலரை ஆண்டுப் படிப்பு

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. மாணவர் விசாரிப்பார், பரிசோதிப்பார். என்ன மருந்து என்று முடிவு செய்வது மூத்த டாக்டரே. 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பேசும் முறையும் பாடமாகச் சேர்க்கப்பட்டது.

வார்டில் படுத்திருப்பவர்களுக்கு நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப் பழகும் இடம் வெளிநோயாளிகள் பிரிவுதான். தாராவியில் 'சோட்டா சயான்' என்று மக்கள் அழைக்கும் நகர்ப்புற சுகாதார மையம், சயான் மருத்துவக் கல்லூரியினருக்கு அத்தகைய பயிற்சிக் களம்.

மறைத்தால் நஷ்டம்

இருமல் இரண்டு வாரம் நீடித்தால் காசநோய்க்காகச் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. அறையில் உடன் தங்கியிருப்போர் ஒதுக்கிவிடுவார்களோ, வேலை போய்விடுமோ என்ற பயத்தில், மாதக் கணக்கில் இருமுகிறவர் "நாலு நாள்தான்" என்கிறார். பரிசோதனை தவறிப்போகிறது, நோய் அறை முழுவதும் பரவுகிறது. காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம்.

குழந்தை பேசாது

குழந்தைகள் பிரிவில் தாயின் சொல்லே ஆதாரம். முதலில் எடை பார்க்கிறார்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பிறகு மாணவர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுகிறார். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம், அதற்குமேல் ஐந்து வயது வரை 40-ம் எட்டினால், இருமலோடு வந்த குழந்தைக்கு நிமோனியாவோ என்று சந்தேகிக்க வேண்டும். அழுதால் கணக்குத் தவறும். அந்த ஒரு நிமிடம் குழந்தையை மடியில் அமைதியாக வைத்திருப்பது தாய் செய்யும் பெரிய உதவி.

பாஷைத் தடை

மாணவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். மூச்சு வாங்குவதை 'தம் லக்தா ஹை' என்றும், தலைசுற்றலை 'சக்கர் ஆதா ஹை' என்றும் சொன்னால் அவருக்குப் புரியும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், இந்தி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. பழைய மருந்துச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப்போக வேண்டும்.

சந்தேகமிருந்தால் மூத்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் இளைஞர் கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கேஸ் பேப்பரில் அவர் எழுதுவது நோயாளி சொன்னதைத்தான். பெரிய டாக்டர் படிப்பதும் அதைத்தான்.