30 நாளைக்குள் கண்ணைப் பாருங்கள்! குறை மாதக் குழந்தைகளின் பார்வையைப் பறிக்கும் நோய்

தக்கலை:-

"ஏ மயினி, பிள்ளைக்கு நாப்பது கழியட்டும். அதுக்கு முந்தி பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு எதுக்கு பஸ்சுல அலையணும்?"

குறை மாதத்தில் பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்ததும், பிள்ளை பார்க்க வருகிற பெண்கள் பாட்டியிடம் சொல்லுகிற பேச்சு இது. தக்கலை வட்டாரத்தில் புதிதும் அல்ல. பாசத்தில் சொல்வதுதான்.

ஆனால் அந்தப் பத்து நாள் தாமதத்தில் குழந்தையின் இரண்டு கண்களும் பறிபோய்விடலாம் என்று எச்சரிக்கிறார்கள் கண் டாக்டர்கள்.

"பிள்ளை நல்லா முழிச்சிப் பாக்குதே, கண்ணுல ஒரு கொறயும் இல்லியே" என்று கேட்கலாம். அங்கேதான் ஆபத்து! இந்த நோய் வந்த குழந்தையின் கண்ணில் சிவப்பு இருக்காது. பீளை இருக்காது. குழந்தை அழவும் செய்யாது. வெளியே ஒன்றும் தெரியாமல் கண்ணின் உள்ளே வேலை நடக்கும். கருவிழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று தாய் கண்டுபிடிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கு

சென்னையில் நடந்த சம்பவம் இது. 1996-ம் ஆண்டு எழும்பூர் அரசு பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29-வது வாரத்திலேயே பிறந்துவிட்டது. எடை 1,250 கிராம்தான்.

குழந்தையை இன்குபேட்டரில் வைத்து, தீவிர சிகிச்சை அளித்து உயிரைக் காப்பாற்றினார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால், "இப்படிப் பிறந்த குழந்தைக்குக் கண் போகும் ஆபத்து உண்டு, கண் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து உண்மை தெரிந்தது. நோய் கடைசிக் கட்டத்துக்குப் போயிருந்தது. தகப்பனார் அமெரிக்கா வரை கொண்டுபோய் ஆபரேஷன் செய்து பார்த்தார். பார்வை திரும்பவில்லை.

வழக்கு தேசிய நுகர்வோர் கமிஷனுக்குப் போனது. 2009-ல் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது. தகப்பனார் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி தீர்ப்பு வந்தது. சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று நீதிபதிகள் கேஹர், பாப்டே ஆகியோர் உத்தரவிட்டார்கள்.

அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 18. பணம் கிடைத்தது. கண் கிடைக்கவில்லை.

கடை வயலுக்கு எட்டாத தண்ணீர்

அந்த நோய்தான் என்ன?

கண்ணின் பின்புறச் சுவரில் மெல்லிய ஜவ்வு ஒன்று ஒட்டியிருக்கிறது. இதற்கு விழித்திரை என்று பெயர். பழைய கேமராவில் பிலிம் எப்படியோ, கண்ணுக்கு இது அப்படி.

கரு உருவாகி 16 வாரம் ஆனதும் இந்தத் திரையில் ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி மெல்ல மெல்ல வளர்கின்றன. ஓரம் வரை போய்ச் சேர 40 வாரம் ஆகிறது. அதாவது, முழுப் பத்து மாதமும் தாய் வயிற்றில் இருந்தால்தான் வேலை முடியும்.

பேச்சிப்பாறை அணையைத் திறந்தால் சானல் தண்ணீர் முதலில் தலை வயலுக்குத்தான் பாயும். கடை வயலுக்குக் கடைசியில்தான் வரும். அதுபோலத்தான் இதுவும். குழந்தை 30 வாரத்தில் பிறந்துவிட்டால், கடை வயல் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

பிறந்த குழந்தைக்கு மூச்சு விடத் தெரியாது. ஆகவே ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். அளவுக்கு மேல் ஆக்சிஜன் கிடைத்தால் ரத்தக் குழாய்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. சில வாரம் கழித்து, ரத்தம் எட்டாத ஓரப்பகுதி பட்டினியில் தவிக்கிறது. உடனே கண்டபடி புதிய குழாய்கள் முளைக்கின்றன. இவை பலம் இல்லாதவை. ரத்தம் கசியும். தழும்பாகிச் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையையே சுவரில் இருந்து பிய்த்து எடுத்துவிடும். பிறகு இருட்டுதான்!

உயிர் கொடுத்த வாயு, கண்ணை எடுத்தது

1942-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர் டெர்ரி இந்த நோயை முதன்முதலில் எழுதி வைத்தார். அடுத்த பத்து வருடத்தில் உலகம் முழுவதும் சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். வசதி படைத்த நாடுகளில், நல்ல ஆஸ்பத்திரிகளில்தான் நோய் அதிகம்! 1950-ல் குறை மாதத்தில் பிறந்த பிரபல பாடகர் ஸ்டீவி வொண்டர் கண் இழந்ததும் இந்த நோயால்தான்.

1951-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரப் பெண் டாக்டர் கேட் காம்பெல், "ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கும்" என்றார். யாரும் எளிதில் நம்பவில்லை.

வாஷிங்டனில் டாக்டர் ஆர்னால் பாட்ஸ் என்பவர் சோதனை செய்து பார்த்தார். பாதிக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்து வைத்தார். ராத்திரி டூட்டி நர்சுகளுக்கு மனம் கேட்கவில்லை. "பிள்ளை செத்துப் போகுமே" என்று பயந்து, அவர் போனதும் ஆக்சிஜனைக் கூட்டி வைத்தார்களாம்! பிறகு 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியில் உண்மை நிரூபணமானது.

உடனே எல்லா இடத்திலும் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். கண் தப்பியது. ஆனால் மூச்சுத் திணறிக் குழந்தைகள் இறந்தன. ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்ற சுமார் 16 உயிர்கள் பலியாகி இருக்கலாம் என்று 1973-ல் இங்கிலாந்து டாக்டர் கிராஸ் கணக்குப் போட்டுச் சொன்னார்.

இந்த இழுபறி இன்னும் தீரவில்லை. 2010-ல் அமெரிக்காவில் 1,316 குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சியிலும் இதே கதைதான். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் குறைத்து வைத்த பிரிவில் கண் நோய் பாதியாகக் குறைந்தது. ஆனால் சாவு கூடியது. ஆகவே அதிகமும் கூடாது, குறைவும் கூடாது. குழந்தையின் காலில் மாட்டியிருக்கும் சிறு கருவி 90-க்கும் 95-க்கும் நடுவே காட்டும்படி பார்த்துக்கொள்வதுதான் இன்றைய வழக்கம்.

யாருக்குக் கண் டெஸ்ட் அவசியம்?

2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை, அல்லது 34 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தை என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்து, ஆக்சிஜன், ரத்தம் ஏற்றுதல், கிருமித் தொற்று என்று கஷ்டப்பட்ட குழந்தைகளுக்கும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒன்றரை கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைகளைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் நோய் வருகிறது. ஆகவே இங்கே 2 கிலோ என்று வைத்திருக்கிறார்கள்.

எப்போது பார்ப்பது? பிறந்து 30 நாளைக்குள். 28 வாரத்துக்கு முன்போ, 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இன்னும் முன்பே, 2 முதல் 3 வாரத்துக்குள்!

டெஸ்ட் சில நிமிட வேலைதான். சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியச் செய்து, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் உள்ளே பார்ப்பார். குழந்தை அழும். தாய் பயப்பட வேண்டாம்.

பல குழந்தைகளுக்கு நோய் லேசாக வந்து தானாகவே மறைந்துவிடும். முற்றும் அறிகுறி தெரிந்தால் 2, 3 நாளைக்குள் லேசர் சிகிச்சை செய்ய வேண்டும். கண்ணுக்குள் ஊசி மருந்து போடுவதும் உண்டு. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடம் கிடையாது.

ஒரு தடவை பார்த்து "ஒன்றும் இல்லை" என்றால் போதுமா? போதாது. ரத்தக் குழாய்கள் ஓரம் வரை வளர்ந்து முடியும் வரை டாக்டர் வரச் சொல்லும் நாளெல்லாம் போக வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணைப் பறிகொடுக்கிறவர்களும் உண்டு.

டாக்டருக்குப் பதில் கேமரா

இந்த நோயைப் பார்க்கத் தெரிந்த டாக்டர்கள் எல்லா ஊரிலும் இல்லை. இதற்கு ஒரு வழி கண்டார் பெங்களூர் டாக்டர் ஆனந்த் வினேகர். 2008 முதல் பயிற்சி பெற்ற ஊழியர்கள் கேமராவுடன் கர்நாடக மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க் குழந்தையின் கண்ணைப் படம் எடுக்கிறார்கள். தொலைவில் இருந்தே டாக்டர் படத்தைப் பார்த்து முடிவு சொல்கிறார்.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்திலும், கவனிக்க வேண்டிய 30 குறைகளில் ஒன்றாக இந்த நோயைச் சேர்த்திருக்கிறார்கள்.

அரைஞாண் கட்டும் நாள்

தக்கலை ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் சரி, ஆசாரிபள்ளத்தில் பிறந்தாலும் சரி, திருவனந்தபுரத்தில் பிறந்தாலும் சரி, டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது தாய்மார்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

"டாக்டர், பிள்ளைக்குக் கண் டெஸ்ட் என்னைக்கு? எங்கே?"

தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

28-ம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டும் வழக்கம் குமரி மாவட்டத்துப் பல வீடுகளில் உண்டு. அந்த நாளை யாரும் மறப்பதில்லை. சொந்தக்காரர்கள் வருவார்கள், சாப்பாடு நடக்கும். குறை மாதத்துப் பிள்ளை என்றால் அன்றைக்கே வீட்டுப் பெரியவர்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்:

"பிள்ளைக்குக் கண்ணு பாத்தாச்சா?"

இல்லை என்றால் மறுநாள் காலை முதல் பஸ்சைப் பிடிக்க வேண்டியதுதான். நாற்பது கழியும் வரை நோய் காத்திருக்காது.