தாமிரபரணிக் கரையோரம் ஒரு நாள் பாடம்

ஆறு மலையில் பிறந்து, சமவெளியில் ஓடி, கழிமுகத்தில் கடலோடு கலப்பதைக் கரும்பலகையில் வரைந்து நடத்துகிறோம். இந்த மூன்று நிலைகளையும் ஒரே நாளில், பேருந்தில் சென்று ஆங்காங்கே இறங்கிப் பார்க்க ஏற்ற ஆறு தாமிரபரணி. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் இதன் நீளம் சுமார் 128 கி.மீ.

ஆனால், ஆறு என்றதும் "சுற்றுலாவே வேண்டாம்" என்று சொல்லும் தலைமையாசிரியர்கள் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. நான் மாணவர்களை இவ்வழியில் அழைத்துச் செல்லும்போது வைப்பது ஒரே விதி: கரையிலிருந்து பார்ப்போம்; யாரும் நீரில் இறங்குவதில்லை. இதை வெறும் கட்டளையாகச் சொன்னால் கண் மறைந்ததும் மீறுவார்கள். காரணத்தோடு பாடமாகச் சொன்னால் மனத்தில் நிற்கிறது. ஆற்றின் பாடமும் ஆபத்தும் ஒன்றுதான். அது ஓடும் நீரின் விசை.

முதல் நிறுத்தம் பாபநாசம். கரையில் கிடக்கும் கற்களின் முனைகள் ஏன் மழுங்கியிருக்கின்றன என்று கேட்பேன். நீர் உருட்டித் தேய்த்தது என்ற விடை வந்ததும், "கல்லையே உருட்டும் நீர் உங்கள் காலை வாராதா?" என்று அடுத்த கேள்வி. மேலே அணைகள் உள்ளன. இங்கே வெயில் அடித்தாலும், மலையில் பெய்த மழையாலோ அணையில் திறந்த நீராலோ ஆற்றின் மட்டம் திடீரென உயரலாம் என்பதையும் இங்கேயே விளக்கிவிடுவேன்.

அடுத்து, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியே சமவெளி. நெல் வயல்களும் வாழைத் தோட்டங்களும் செழிக்கக் காரணம் ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் மேல் வழியும் நீர் ஆழமற்றதாக, விளையாட ஏற்றதாகத் தோன்றும். கீழே விழும் நீரோ சுழன்று திரும்பி, சிக்கியவரை மேலே வரவிடாமல் இழுக்கும். விழும் நீர் அரித்த பள்ளங்களும் கண்ணுக்குத் தெரியா.

திருநெல்வேலியில், 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தைப் பார்த்துவிட்டு, படித்துறையின் மேல்படிகளில் அமர்ந்து ஒரு கணக்கு. கரையோரம் 10 மீட்டர் அளந்து குறித்துக்கொள்கிறோம். ஆசிரியர் ஒருவர் மட்டும் ஓர் இலையை நீரில் வீச, மாணவர்கள் நேரம் பார்க்கிறார்கள். 20 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். வேகம் இரு மடங்கானால் நீர் தள்ளும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீரும் ஆளைச் சாய்ப்பது ஏன் என்று அப்போது புரிகிறது.

அடுத்தது ஆதிச்சநல்லூர். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழாய்வு செய்த தாழிக்காடு இது. ஆற்றை நம்பி வாழ்ந்தவர்கள் தம் முன்னோரைப் புதைக்க மேட்டு நிலத்தை ஏன் தேர்ந்தார்கள் என்று மாணவர்களையே ஊகிக்கச் சொல்லலாம். 2023 டிசம்பர் வெள்ளம் அருகிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்ததை நினைவூட்டினால் விவாதம் சூடு பிடிக்கும்.

நிறைவாகக் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. காலையில் பார்த்த கல், மணலாகி, வண்டலாகிக் கடலைத் தள்ளி வைத்த கதையை மாணவர்களே சொல்லி முடிப்பார்கள்.

பெற்றோர் ஒப்புதல், துறை அனுமதி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுதல், பேருந்தில் நீளமான கயிறு ஆகியவை கட்டாயம். யாரேனும் விழுந்தால் பின்னால் குதிக்கக் கூடாது. சத்தமிட்டுப் பெரியவர்களை அழைக்க வேண்டும், கயிறோ மிதக்கும் பொருளோ எறிய வேண்டும், 112க்கு அழைக்க வேண்டும் என்பதை வகுப்பிலேயே நடித்துப் பார்க்கச் செய்யுங்கள்.

சுற்றுலா நாளில் நாம் உடன் இருக்கிறோம். கோடை விடுமுறையில் அதே பிள்ளைகள் தம் ஊர் ஆற்றுக்கும் குளத்துக்கும் தனியாகப் போவார்கள். இந்தப் பாடம் அந்த நாளுக்காகத்தான்.