மிளகாய்க்கு ஏன் இந்த உறைப்பு?

மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் காரம் சுரக்கிறது. விதைமீது நாம் போடும் பழி வீண். காரம் தரும் வேதிப்பொருளான கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பைத் தட்டிவிட, நாக்கு வெந்துவிட்டதாக மூளை நம்பிவிடுகிறது. பறவைக்கோ உறைப்பதே இல்லை. கிளி சாவகாசமாகக் கொறிக்குமே! இதில் செடிக்கும் லாபம்தான்: எலி மென்றால் விதை காலி; பறவை விழுங்கினால் எச்சத்தோடு வேறிடத்தில் முளைக்கும்.

பொலிவியாவின் காட்டு மிளகாயில் இன்னொரு எதிரியும் தெரிந்தது. அங்கே ஒரே இனத்தில் காரச் செடியும் காரமற்ற செடியும் அருகருகே வளர்கின்றன. பூச்சி குத்திய துளை வழியே ஃபியூசேரியம் பூஞ்சை புகுந்து விதையை அழுகவைக்கிறது. கேப்சைசின் அதைத் தடுக்கிறது. பூச்சித் துளை மிகுந்த பகுதிகளில் காரச் செடிகளும் மிகுதி என்று ஆய்வாளர் ஜோஷுவா டியூக்ஸ்பரி குழுவினர் 2008-இல் காட்டினர். பிறகு ஏன் எல்லாமே காரமாகவில்லை? தண்ணீர் பற்றாத இடத்தில் காரச் செடி குறைவாகவே விதை கட்டுகிறது.