உங்களுக்குத் தெரியுமா? வடபழனி வழியே ரயில் விட யார் யார் தலையாட்ட வேண்டும்!

● வடபழனிக்கு மெட்ரோ புதிதல்ல. 2015 ஜூன் 29-ம் தேதி சென்னையின் முதல் மெட்ரோ ரயில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது, வழியில் இருந்த ஏழு நிலையங்களில் வடபழனியும் ஒன்று. இப்போது ஆற்காடு சாலை வழியே அதற்குக் குறுக்கே வருவது நான்காம் வழித்தடம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கி.மீ. ஆனால், முதலில் போட்ட திட்டத்தில் பூந்தமல்லி என்ற பெயரே கிடையாது! பாதை கோயம்பேட்டில் முடிவதாக 17.12 கி.மீ.க்குத்தான் கோடு போட்டிருந்தார்கள். பிறகுதான் கோடு மேற்கே திரும்பியது.

● மெட்ரோ ரயில், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வராது. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரத் துறைதான் அதற்குப் பொறுப்பு. பாதை பயணிகளை ஏற்றத் தகுதியானதா என்று கடைசியில் சோதித்துச் சொல்லும் பாதுகாப்பு ஆணையரோ விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தவர். ரயிலை ஓட்டுபவர்களே அதற்கு நற்சான்றும் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

● மூன்று வழித்தடங்கள், 118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் இது. 2020 நவம்பர் 21-ல் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். 2021 ஆகஸ்டில் மத்திய அரசின் பொது முதலீட்டு வாரியம் பரிந்துரை செய்தது. 2022 அக்டோபரில் மாதவரத்தில் ‘நீலகிரி’ என்ற இயந்திரம் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. மத்திய அமைச்சரவை சம்மதம் சொன்னது எப்போது? 2024 அக்டோபர் 3-ம் தேதி! பந்தி பரிமாறிய பிறகு பத்திரிகை அடித்த கதை.

அதுவரை இது மாநிலத் துறைத் திட்டம். செலவில் ஏறத்தாழ 90 சதவீதம் தமிழகத்தின் தலையில். ஒப்புதலுக்குப் பிறகு, வெளிநாட்டுக் கடனையும் சேர்த்துச் சுமார் 65 சதவீதம் மத்திய அரசின் கணக்குக்குப் போனது. ஒரு கையெழுத்துக்கு இத்தனை எடை.

● சரி, நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதம்? இங்கேதான் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘எண்பது சதவீதம் பேர் சம்மதித்தால்தான் நிலம் எடுக்க முடியுமாமே’ என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். 2013-ம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தில் அந்த எண்பது இருப்பது உண்மைதான்; ஆனால் அது தனியார் திட்டத்துக்கு. அரசும் தனியாரும் கூட்டாகச் செய்தால் எழுபது. அரசே செய்தால் பூஜ்யம்.

தமிழ்நாட்டில் கதை இன்னும் ஒரு சுற்று சுற்றும். மெட்ரோவுக்கு இங்கே நிலம் எடுப்பது மத்தியச் சட்டப்படி அல்ல. தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புக்கென்று தமிழகம் 1997-ல் இயற்றிய தனிச் சட்டப்படி. மத்தியச் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு இதில் இல்லை. இந்தச் சட்டத்துக்கும் வேறு இரண்டு மாநிலச் சட்டங்களுக்கும் மத்தியச் சட்டத்திலிருந்து விலக்குத் தந்த பிரிவை 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்து, மூன்றுக்கும் 2013-லிருந்தே செல்லும்படி உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. இழப்பீட்டுக் கணக்கு, மறுவாழ்வு ஏற்பாடு மட்டும் மத்தியச் சட்டப்படி. அதாவது, விலை கேட்கலாம். சம்மதிக்க மாட்டேன் என்று தடுத்துவிடத்தான் வழியில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் சட்டம் இதுதான்.

● பட்டா இல்லாதவருக்குச் சட்டத்தைவிடக் கடன் கொடுத்தவர்தான் துணை என்றால் நம்புவீர்களா? இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பானின் ஜைகா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவை கடன் தருகின்றன. ஆசிய வளர்ச்சி வங்கி மட்டும் 2022 டிசம்பரில் 78 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. இப்படிப்பட்ட வங்கிகளின் விதிப்படி, பாதிக்கப்படுபவர்களை முன்கூட்டியே கணக்கெடுக்க வேண்டும், கூட்டம் போட்டுப் பேச வேண்டும், குறை கேட்க அமைப்பு வைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரும், நடைபாதையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவும் அந்தக் கணக்கில் வருவார்கள். கணக்கெடுப்பு நடக்கும் நாளில் கடை அங்கே இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் புதிதாகக் கடை போட்டால் செல்லாது.

● இந்த வழித்தடத்தில் சுரங்கம் தோண்டும் இயந்திரங்களுக்குப் பறவைப் பெயர்கள். பனகல் பூங்காவிலிருந்து கோடம்பாக்கம் நோக்கிக் கிளம்பிய இரண்டில் ஒன்று ‘மயில்’! வடபழனி முருகனைப் பார்க்கத்தான் வருகிறது என்று நினைத்தால், கோடம்பாக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் பாதை தூண் மேல் ஏறிவிடும். அந்த மயில் புறநகர் ரயில் தண்டவாளத்தின் அடியில் நுழைய தெற்கு ரயில்வேயின் அனுமதி தனியாக வேண்டியிருந்தது. ரயில் போக ரயிலிடம் அனுமதி!

● சுரங்கம் போகும் வழியிலுள்ள வீடுகளை, தோண்டுவதற்கு முன்பே வந்து பார்த்து, இருக்கிற விரிசல்களைப் படம் பிடித்துக்கொள்வார்கள். சிலர் அவர்களை உள்ளே விட மாட்டார்கள். விடுவதே நல்லது. பழைய விரிசல் எது, புதியது எது என்று பிற்பாடு வாக்குவாதம் வந்தால் அந்தப் படம்தான் சாட்சி. 2017 ஏப்ரலில், முதல் கட்ட வேலையின்போது அண்ணா சாலையில் மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

● ஆயிரம் விளக்கு நிலையத்தின் வாசலுக்குக் கோயில் இடத்தை எடுப்பதா, எதிரே இருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் இடத்தை எடுப்பதா? ஒயிட்ஸ் சாலை ரத்தின விநாயகர் கோயில் தொடர்பான இந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

● வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை 5 கி.மீ.தான். பறக்கும் ரயிலை அதுவரை நீட்டும் வேலை 2008-ல் தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டருக்கு நிலம் கிடைக்காமல் வழக்கு. மொத்தப் பாதையும் பத்தாண்டுக்கு மேல் முடங்கியது. தூண்கள் மட்டும் நின்றன.

● லண்டனிலிருந்து பர்மிங்காம் போகும் அதிவேகப் பாதைக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட்டார்கள். 2013 நவம்பரில் அறிமுகம், 2017 பிப்ரவரியில் நிறைவேற்றம். இடையில் பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,000 மனுக்கள் கொடுத்தார்கள். தேர்வுக்குழு முன் நேரில் நின்று ‘என் தோட்டம் போகிறது’ என்று சொல்ல அங்கே உரிமை உண்டு. ஜப்பானில் இன்னும் வேடிக்கை: டோக்கியோ–நகோயா காந்த ரயிலின் சுரங்கத்தால் ஓய் ஆற்றில் நீர் குறையும் என்று ஷிசுவோகா மாகாண ஆளுநர் பிடிவாதமாக அனுமதி மறுத்தார். 2027 என்று வைத்திருந்த இலக்கை 2024-ல் கைவிட வேண்டியதாயிற்று.

● நம் ஊரில் சொந்தக்காரர் பேச சட்டம் திறந்து வைத்திருக்கும் முதல் வாசல் ஒன்றுதான்: அந்த 1997 சட்டத்தின் 3(2) பிரிவு நோட்டீஸ். ‘ஏன் எடுக்கக் கூடாது, காரணம் சொல்லுங்கள்’ என்று கேட்டு வரும் தாள். அதில் ஒரு கெடு போட்டிருக்கும். தபால்காரர் கொண்டுவந்தால் டி.வி. மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். பதிலை எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.