அதே முகம்... அடுத்த ஷாட் என்ன?

எடிட்டிங் கற்றுக்கொள்ள ஆசையா? ஆம்பூர் பக்கம் வீடு என்றால், ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வரும் அம்மாவின் முகத்தை குளோஸ்-அப்பில் 10 விநாடி போனில் எடுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள். சும்மா பார்த்தால் போதும்.

அடுத்து, தம் உடைக்கும் பிரியாணி அண்டாவை ஒட்டுங்கள். அம்மாவுக்குப் பசி! அண்டாவை நீக்கிவிட்டு, மணலாய்க் கிடக்கும் பாலாற்றின் வைடு ஷாட்டை வையுங்கள் (தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த ஆறு அது). இப்போது கவலை. பள்ளிக்கு ஓடும் தங்கையை வைத்தால் பாசம். முகம் மட்டும் மாறவே இல்லை.

நூறு வருடங்களுக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்து பார்த்தது இது. ஒரே நடிகரின் முகம். பக்கத்தில் சூப் கிண்ணம், பிறகு சவப்பெட்டி. பார்த்தவர்கள் நடிப்பைப் புகழ்ந்தார்களாம்!

முறையாகப் படிக்க, சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட நிறுவனத்தில் எடிட்டிங்குக்கே தனிப் பட்டப்படிப்பு உண்டு.

அதற்கு முன், மூன்று துண்டுகளையும் அம்மாவிடம் காட்டுங்கள். அந்த 10 விநாடியில் உண்மையில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள்.